ஊரும் வரை கே.கே. நகர், பறந்தால் ஸ்ரீரங்கம்

உலகத்தில் எத்தனையோ நகரங்கள் இருக்கின்றன. அங்கெல்லாம் புழு தன் இஷ்டத்துக்குப் பூச்சியாகிறது. யாரிடமும் சொல்வதில்லை, யாரும் கேட்பதும் இல்லை. ஒரு புழு முறைப்படி அலுவலகம் மாறி, அதிகாரி மாறி, ஆற்றைத் தாண்டிப் பூச்சியாகும் ஒரே நகரம் திருச்சிராப்பள்ளிதான். இந்தப் பெருமையை நமக்குத் தேடித் தந்தது 'பூ, புழு, பூச்சி நல்லிணக்க ஆணையம்'.

ஆணையத்துக்கு இரண்டு பிரிவுகள். புழுப் பிரிவு கே.கே. நகரில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறது. அங்கே புழு என்றால் எதிரி. சுவரில் புழுவின் படத்தை மாட்டி, குறுக்கே சிவப்புக் கோடு இழுத்திருப்பார்கள். வண்ணத்துப்பூச்சிப் பிரிவு ஸ்ரீரங்கத்தில். அதே ஜீவன் இறக்கையோடு அங்கே போனால் விருந்தாளி. அங்கேயும் சுவரில் படம் உண்டு, படத்துக்குப் பூமாலையும் உண்டு. ஊரும் வரை கே.கே. நகர், பறந்தால் ஸ்ரீரங்கம். நடுவில் காவிரி ஓடுவதால் இரண்டு பிரிவுகளும் ஒன்றோடொன்று பேசவேண்டிய அவசியமே இதுவரை வந்ததில்லை. நிர்வாகத்தை இவ்வளவு சுத்தமாகப் பங்கு போட்டவர் யாரோ தெரியவில்லை. தெரிந்தால் அவர் கைக்கு ஒரு தங்கக் காப்பு போடலாம்.

காட்டூரில் நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் மலர்க்கொடிக்கு இந்த ஆணையத்தின் அருமை முதலில் புரியவில்லை. அவள் பி.காம். படித்துவிட்டுக் கொஞ்ச காலம் ஜவுளிக்கடையில் பில் போட்டவள். நின்றுகொண்டே வேலை பார்த்ததில் கால் வீங்கியதுதான் மிச்சம். வீட்டை ஒட்டிய காலி மனையில் நிழல்வலை கட்டி, கறுப்புப் பைகளில் எலுமிச்சங்கன்று போட்டாள். கன்றுகள் அவளை ஏமாற்றவில்லை. தளதளவென்று வந்தன.

அதைப் பார்த்துத்தான் பச்சைமலையிலிருந்து பிச்சை வந்தார். மலையில் அவரும் அவர் ஊர்க்காரர்களும் மரவள்ளி போட்டு அலுத்துப்போய், இந்த ஐப்பசி மழைக்கு எலுமிச்சை வைப்பதென்று குழியே வெட்டிவிட்டார்கள். பண்ணையில் இருக்கும் அத்தனை கன்றும் வேண்டும் என்றார். மலர்க்கொடியின் ஆயுசில் அப்படி ஓர் ஆர்டர் வந்ததில்லை. மழைக்குக் கன்றுகள் மலையேறிவிட்டால் பண்ணை நிற்கும். ஏறாவிட்டால் அவள் மறுபடி ஜவுளிக்கடையில் போய் நிற்க வேண்டியதுதான்.

மலைக்குப் போகும் எந்தக் கன்றுக்கும் ஆணையத்தின் முத்திரை வேண்டும். இல்லாவிட்டால் அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் இறக்கிப் போட்டுவிடுவார்கள். முத்திரைக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். பண்ணையில் உள்ள எந்த ஜீவனையும் ஆணையத்தைக் கேட்காமல் விரட்டக் கூடாது, நசுக்கக் கூடாது. மலர்க்கொடி சம்மதித்தாள். நல்லிணக்கத்தை யாராவது வேண்டாம் என்பார்களா?

சம்மதித்தவர்களுக்கு ஒருநாள் பயிற்சி வகுப்பு நடந்தது. ஏ.சி. ஹால், பெரிய திரை, மதியம் இரண்டு வகை ஸ்வீட்டோடு சாப்பாடு. புழுப் பிரிவின் துணை இயக்குநர் அரவிந்தன், 'செடி பேசுகிறது' என்ற தலைப்பில் உருகி உருகிப் பேசினார்.

"செடியை ஜடம்னு நினைக்காதீங்க. இலையில பூச்சி முட்டை வெச்சிட்டுப் போனா செடிக்குத் தெரிஞ்சுடுது. சில செடி, முட்டை ஒட்டியிருக்கிற இடத்தை மட்டும் கருக விட்டு உதிர்த்துடும். சில செடி ஒரு வாசனையை விடும். ஆபத்து, ஓடி வாங்கன்னு கூப்பிடற வாசனை. அதைப் பிடிச்சுக்கிட்டு குட்டிக் குளவி வரும். வந்து முட்டைக்குள்ளயே தன் முட்டையை வெச்சு, புழுவே வெளிய வராம பண்ணிடும். கடுகு ஜாதியில ஒண்ணு இருக்குங்க. முட்டை விழுந்தா, புழு வந்து மேயறதுக்குள்ள அவசர அவசரமாப் பூத்து விதை கட்டிடும். இத்தனைக்கும் நடுவுல தேனீயையும் பகைச்சுக்கக் கூடாது. காவலுக்கும் ஆள் வேணும், கல்யாணத்துக்கும் ஆள் வேணும் இல்லீங்களா?"

ஹால் சிரித்தது. நாமும் செடியைப் போல உடனுக்குடன் செயல்பட வேண்டும் என்று அவர் முடித்தபோது கைதட்டல் அடங்கவே இல்லை. சாப்பாடு தயார் என்று அறிவித்த பிறகுதான் அடங்கியது.

புரட்டாசி பிறந்து சில நாட்களில் மலர்க்கொடி தன் கன்றுகளின் கொழுந்தில் முட்டைகளைப் பார்த்தாள். ஜவ்வரிசியைவிடச் சின்னதாக, வெளிர் மஞ்சளாக, இலைக்கு ஒன்று இரண்டு. முதல் நாள் கறுப்பும் மஞ்சளுமாக நாலைந்து வண்ணத்துப்பூச்சிகள் வந்து சுற்றியதை அவளே ரசித்து நின்றிருந்தாள். இப்போது ரசிக்க நேரமில்லை. செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, பஸ் மாறிக் கே.கே. நகருக்குப் போனாள்.

அரவிந்தன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"முட்டை சார். பண்ணை முழுக்க வெச்சிருக்கு. கிள்ளிப் போட்டுடவா?"

"முட்டை புழுவா?"

"இல்ல சார்."

"அப்ப புழுப் பிரிவு எப்படிம்மா இதுல தலையிடும்?"

"நாலு நாள்ல புழுவாயிடும் சார்."

"ஆகட்டும், அப்புறம் வாங்க. ஆகப்போறதுக்கெல்லாம் நடவடிக்கை எடுத்தா, நாளைக்கு என்னை ஆடிட்ல கேப்பாங்க."

"நீங்கதான சார் சொன்னீங்க, முட்டையிலயே செடி உஷாராயிடும்னு?"

அரவிந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது செடிம்மா. அதுக்கு மேலதிகாரி கிடையாது."

ஆனாலும் கல் மனசுக்காரர் அல்ல அவர். அன்று மாலையே கள ஆய்வாளர் ஸ்டீபன்ராஜைக் காட்டூருக்கு அனுப்பிவைத்தார். ஸ்டீபன்ராஜ் நல்ல மனிதர். வெயிலில் குனிந்து குனிந்து ஒவ்வொரு முட்டையாக எண்ணி, முட்டை இருந்த கன்றுக்கெல்லாம் வெள்ளை நூல் கட்டினார்.

"எண்ணி எழுதியாச்சும்மா. இனிமே இது ஆணையத்தோட முட்டை. ஒண்ணுகூடக் குறையக் கூடாது."

"கூடினா?"

"கூடினா தப்பில்ல. கூடினா வளர்ச்சி."

மறுநாள் காலை தண்ணீர் ஊற்றப் போனவள் ஒரு கன்றின் அருகே அப்படியே குந்தினாள். முட்டையின் மேல் ஏதோ ஊர்ந்தது. கடுகை நாலாகக் கிள்ளிய அளவில் ஒரு பூச்சி. அடுத்த கன்றிலும் ஒன்று. அதற்கடுத்த கன்றில் இரண்டு. பயிற்சி வகுப்பின் திரையில் பூதாகரமாகப் பார்த்த அதே குட்டிக் குளவிகள். மலர்க்கொடிக்கு உடம்பு சிலிர்த்தது. நூல் கட்டிய கன்றுகள் எல்லாம் இரவோடு இரவாகக் கூப்பிட்டிருக்கின்றன. கூப்பிட்ட குரலுக்கு இவர்களும் வந்துவிட்டார்கள். அவள் சந்தோஷம் தாங்காமல் ஸ்டீபன்ராஜுக்கு போன் போட்டாள். அவள் செய்த ஒரே தப்பு அதுதான்.

"சார், குளவி வந்துடுச்சு சார்!"

"குளவியா? கொட்டுமா?"

"நம்மளை ஒண்ணும் பண்ணாது. கண்ணுக்கே தெரியாது சார். முட்டையைத்தான்..."

"அய்யய்யோ, நாளைக்கு முட்டையைப் பார்வையிட கமிட்டி வருதும்மா. கமிட்டியில ஒரு மேடத்துக்கு எறும்பு கடிச்சாலே உடம்பு தடிச்சுடும்!"

மறுநாள் விடியும்போதே பண்ணை வாசலில் புகை மருந்து அடிக்கும் வண்டி வந்து நின்றது. மலர்க்கொடி கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றாள்.

"அடிக்காதீங்க சார். என் கன்னைக் காப்பாத்த வந்ததுங்க சார் அது."

"யாரைக் கேட்டு வந்துச்சு?"

"கன்னு கூப்பிட்டுச்சு."

ஸ்டீபன்ராஜ் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "நான் நம்பறேம்மா. ஆனா ரிப்போர்ட்ல எப்படி எழுதறது? கன்னு ஆணையத்துக்குத் தெரிவிக்காம வெளியாளுங்களைக் கூப்பிட்டுச்சுன்னா? உங்களுக்குத்தான் கெட்ட பேரு."

"எதையும் நசுக்கக் கூடாது, விரட்டக் கூடாதுன்னு எங்கிட்ட கையெழுத்து வாங்கினீங்களே?"

"அது உங்களுக்கு. இது கமிட்டிக்கான 'பாதுகாப்பு ஏற்பாடு'."

வண்டி உறுமியது. நிழல்வலைக்குள் வெள்ளைப் புகை நிரம்பி, தஞ்சாவூர் ரோடு வரைக்கும் போனது. புகை கலைந்தபோது குளவிகள் இல்லை. முட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஓடு கெட்டி. எண்ணிக்கையும் சரியாக இருந்தது. மலர்க்கொடி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண்ணில் வழிந்தது புகையால் வந்த தண்ணீர் என்று ஸ்டீபன்ராஜ் நினைத்துக்கொண்டார்.

கமிட்டி பதினோரு மணிக்கு வந்தது. பூதக்கண்ணாடி வைத்து முட்டைகளைப் பார்த்தது. டீயும் வடையும் சாப்பிட்டது. "பண்ணைன்னா இப்படி இருக்கணும். ஒரு பூச்சி பொட்டு இல்ல பாருங்க" என்று ஒவ்வாமை உள்ள மேடம் மனமாரப் பாராட்டினார். எல்லாரும் முட்டையோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

குளவிகள் அந்த ஒரு நாளில் எட்டிப் பிடித்த சிலதைத் தவிர, அடுத்த இரண்டு நாட்களில் முட்டைகள் எல்லாம் பொரிந்தன. எலுமிச்சைப் புழு பிறந்த புதிதில் பழுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம் மாதிரியே இருக்கும். பறவைகளை ஏமாற்றுவதற்காக இந்த வேஷம். புழுப் பிரிவையும் ஏமாற்றும் என்று அதுவே எதிர்பார்த்திருக்காது.

"காக்கா எச்சம்மா இது" என்றார் ஸ்டீபன்ராஜ், தள்ளி நின்று. "காக்கா நம்ம பிரிவு இல்ல."

"எச்சம் நடக்குது பாருங்க சார்."

"காத்துல அசையுது."

"தின்னுது சார்!"

ஸ்டீபன்ராஜ் நெருங்கிப் பார்த்தார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, 'நடமாடும் எச்சம்' என்று எழுதிக்கொண்டு போனார்.

புழுக்கள் வேஷத்தைக் கலைத்துவிட்டுப் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டபோது, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் பருமன். ஒரு வரிசையைப் பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்த் திரும்புவதற்குள் முதல் வரிசை மொட்டையாகிக்கொண்டிருந்தது. மலர்க்கொடி ஒரு புழுவைப் பிடிக்கக் கையை நீட்டினாள். அது தலையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டி, குமட்டுகிற ஒரு நாற்றத்தை விட்டது. அதற்கு அவள் பயப்படவில்லை. வெள்ளை நூல்தான் அவளைத் தடுத்தது. கையை இழுத்துக்கொண்டு பிச்சைக்கு போன் செய்தாள்.

"அண்ணே, முத்திரை இல்லாம கன்னைக் கொண்டாந்தா எடுத்துக்குவீங்களா? இந்தச் சனியனையெல்லாம் இப்பவே பொறுக்கிப் போட்டுடறேன்."

"நான் எடுத்துக்குவேம்மா. அடிவாரத்துல வுடணுமே! போன வருசம் என் மச்சான் கொண்டாந்த கொய்யாக் கன்னை ரோட்டோரத்துலயே காய வுட்டுட்டானுங்க. மூணு நாளா மேகம் வேற கூடுது. குழியை வெட்டிப்புட்டு உன்னையத்தாம்மா பாத்துக்கிட்டு உக்காந்துருக்கோம்."

புழுப் பிரிவு அவசரக் கூட்டம் கூட்டியது. அவசரம் என்பதால் பத்தே நாளில் கூடியது. மலர்க்கொடியையும் பார்வையாளராகக் கூப்பிட்டு, பிஸ்கட் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

"சேதம் எவ்வளவு?" என்று கேட்டார் அரவிந்தன்.

"பாதி தின்ன இலைன்னு பாத்தா ரொம்பக் கம்மி சார்" என்றார் ஸ்டீபன்ராஜ்.

"முழுசாத் தின்னுட்டுது சார். காம்பு மட்டும்தான் நிக்குது" என்றாள் மலர்க்கொடி.

அரவிந்தன் பொறுமையாக விளக்கினார். "இருக்கிற இலையிலதாம்மா சேதத்தை அளக்க முடியும். முழுசாத் தின்ன இலை, இல்லாத இலை. இல்லாத இலையில என்ன சேதம் இருக்க முடியும்?"

கூட்டம் இந்தக் கேள்வியின் ஆழத்தில் சிறிது நேரம் மூழ்கியிருந்தது. அடுத்த கூட்டத்தில் முடிவெடுப்பது என்று ஏகமனதாக முடிவெடுத்தார்கள். அடுத்த கூட்டத்துக்குள் புழுக்கள் தின்றது போதும் என்று காம்பிலும் வலையிலும் தொங்கிக் கூட்டுப்புழுக்களாகிவிட்டன. கூட்டுப்புழு தின்னாது. மலர்க்கொடியின் செல்போனுக்குச் செய்தி வந்தது: 'உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' போனைத் தண்ணீர் ட்ரம்மில் போடப் போனவள், அதில்தான் பிச்சை கூப்பிடுவார் என்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள்.

ஒரு காலை நிழல்வலைக்குள் வண்ணத்துப்பூச்சிகள் எழும்பின. அந்த நிமிடமே கே.கே. நகரின் பொறுப்பு முடிந்து ஸ்ரீரங்கத்தின் பொறுப்பு தொடங்கியது. வண்ணத்துப்பூச்சிப் பிரிவின் தலைவி சுபஸ்ரீ காரில் பறந்து வந்தார். மொட்டைக் காம்புகளை அவர் பார்க்கவில்லை. பார்வை முழுக்க மேலேயே இருந்தது.

"அடடா, கண்கொள்ளாக் காட்சி! என்ன பாக்கியம் பண்ணியிருக்கேள் நீங்க! பிருந்தாவனமேன்னா இது! ஒரு பண்ணையில இத்தனை ஜனனம் இதுவரைக்கும் நடந்ததே இல்ல. உங்களை கௌரவிக்காம விட்டா எங்களுக்குப் பாவம் வந்து சேரும்."

"என் கன்னெல்லாம் போச்சும்மா" என்றாள் மலர்க்கொடி.

"தியாகம்!" என்று சுபஸ்ரீ கண்ணை மூடிக்கொண்டார்.

கன்றுகளோ, இந்தத் தியாகத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஐப்பசி மழையில் நனைந்ததும், செத்தது என்று விட்ட காம்புகளில் கணுக்கணுவாகத் துளிர் வந்தது. எல்லாவற்றிலும் வரவில்லை, மூன்றில் ஒரு பங்கு பிழைத்தது. மலர்க்கொடி ஒவ்வொரு துளிரையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிச்சையும் மனம் இறங்கினார். "கார்த்திகை வரைக்கும் மழை இருக்கும்மா. இருக்கிறதைக் கொண்டா, பங்கு போட்டு வெச்சுக்கறோம்" என்றார். இனி முத்திரை ஒன்றுதான் பாக்கி.

"விழாவுலயே வெச்சுத் தந்துடறேன்" என்றார் அரவிந்தன். "மேடையில வெச்சா போட்டோ நல்லா வரும். மாதிரிக்கு ஒரு கன்னு மட்டும் கொண்டு வாங்க."

ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. மலர்க்கொடி நன்றாகத் துளிர்த்த ஒரு கன்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். மேடையில் அவளுக்குச் சால்வை போர்த்தி, 'பட்டாம்பூச்சித் தாய்' என்று பட்டம் கொடுத்தார்கள். கன்றை மேஜைமேல் வைத்து அதற்கும் பொட்டு வைத்தார்கள். அரவிந்தன் முத்திரையை மையில் தோய்த்துக் கையில் எடுத்தார். அதற்கு முன் மங்களகரமாக இருக்கட்டும் என்று சுபஸ்ரீ ஒரு பெட்டியைத் திறந்து வண்ணத்துப்பூச்சிகளைப் பறக்கவிட்டார்.

மண்டபம் முழுக்கப் பூவும் மாலையும் இருந்தும், அதில் ஒன்று நேராக வந்து எலுமிச்சங்கன்றில் இறங்கியது. அடிவயிற்றின் நுனியை வளைத்தது. இளந்துளிரில் ஒரு மஞ்சள் முட்டையை வைத்துவிட்டு எழும்பியது.

"ஆசீர்வாதம்!" என்று கூவினார் சுபஸ்ரீ. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. போட்டோக்காரர் முட்டையை நெருங்கினார். ஸ்டீபன்ராஜ், பழக்க தோஷத்தில், சட்டைப்பையிலிருந்து வெள்ளை நூலை எடுத்தார்.

மலர்க்கொடி நூலைப் பார்த்தாள். வலது கையை நீட்டினாள். கட்டைவிரல் நகத்தால் முட்டையை நசுக்கி, சால்வையில் துடைத்துக்கொண்டாள்.

கைதட்டல் நின்றது. அரவிந்தனும் சுபஸ்ரீயும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆணையத்தின் சரித்திரத்தில் முதன்முறையாக இரண்டு பிரிவுகளும் பேசிக்கொண்டன. இட்டது ஸ்ரீரங்கத்தின் விருந்தாளி, பிறக்கவிருந்தது கே.கே. நகரின் எதிரி என்பதால் இரு தரப்புக்கும் சம உரிமை உண்டென்று மேடையிலேயே உடன்பாடு ஏற்பட்டது. அழைப்பிதழின் பின்பக்கத்திலேயே நோட்டீஸ் எழுதினார்கள். அனுமதியின்றி ஜீவனை அழித்த குற்றத்துக்காக, மலர்க்கொடியின் கன்றுகளுக்கு இனி எப்போதும் முத்திரை கிடையாது. முத்திரையில் மை காயாமல் இருந்ததால் அதையே நோட்டீஸில் குத்தி அவள் கையில் கொடுத்தார்கள்.

"ஏன் சார், முட்டையில நடவடிக்கை எடுக்க முடியாதுன்னீங்களே?" என்றாள் மலர்க்கொடி. "பண்ணை முழுக்க முட்டை இருந்தப்ப எங்க சார் போச்சு இந்த வேகம்?"

"அப்ப குற்றவாளி யாருன்னு தெரியலையேம்மா" என்றார் அரவிந்தன், மனப்பூர்வமாக.

மொத்தம் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆணையம் தூங்குகிறது, ஆணையத்துக்கு அக்கறை இல்லை என்று வாய்க்கு வந்தபடி பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். யாரைக் காப்பாற்றுவது என்ற விஷயத்தில்தான் அதற்குக் கொஞ்சம் குழப்பம். யாரைத் தண்டிப்பது என்பதில் அதற்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.